மாரி வெள்ளத்தில் நிவாரணம் கடைசி வீடுவரை போய்ச் சேர: வன்னிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் வெள்ளம் வந்த மூன்றாம் நாள், கண்டி – யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ9 வீதியோரப் பாடசாலையில் சோற்றுப் பார்சல் மிஞ்சிப் பழுதாகும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் உள்ளே, பாலம் மூழ்கிய ஊரில், பிள்ளைகள் பிஸ்கட்டைத் தின்று பொழுதைக் கழிப்பார்கள். வன்னியில் நிவாரண வேலை செய்த ஆருக்கும் இது புதினமில்லை. பொருள் எங்கோ இருக்கும், போகவேண்டிய இடத்துக்குத்தான் போகாது. போனாலும் பிந்திப் போகும், அல்லது தேவையில்லாதது போகும்.

அரச திணைக்களங்களுக்கும் ஐ.நா. நிறுவனங்களுக்கும் தங்கள் தங்கள் கைநூல்கள் உண்டு. இந்த வழிகாட்டி அவர்களுக்கானது அல்ல. கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் அல்லது தேவாலயக் குழு, லண்டனிலோ ரொறொன்ரோவிலோ இருந்து காசு சேர்க்கும் ஊர்ச் சங்கம் ஆகியோருக்காக எழுதப்பட்டது. இதில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: திட்டத்தைக் கொழும்பிலிருந்து வெளிக்கிடும் லொறியில் தொடங்காதீர்கள். ஆகக் கடைசி வீட்டில் தொடங்கிப் பின்பக்கமாகப் போடுங்கள்.

படி 1: தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும் என்று பாருங்கள்

ஆவணியில், மண் காய்ந்திருக்கும்போதே செய்யவேண்டிய வேலை இது. பிரதேச வரைபடம் ஒன்றை எடுத்து, ஊரின் வயதான கமக்காரர் (விவசாயிகள்) இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

உங்கள் ஊரில் பெய்யும் மழை மட்டும் உங்கள் ஊரை மூழ்கடிக்காது. கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்து மழை கனகராயன் ஆற்றால் இரணைமடுக் குளத்துக்கு வரும். இரணைமடு நிரம்பி வான் பாய்ந்தால் பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை என்று வரிசையாகத் தண்ணீர் இறங்கிச் சுண்டிக்குளம் நோக்கிப் போகும். 2018 டிசம்பர் 21 இரவு பெய்த பெருமழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடிவதற்குள் மூழ்கியதை மறந்திருக்கமாட்டீர்கள். மன்னார்ப் பக்கம் கதை வேறு. அனுராதபுரத்தில் மல்வத்து ஓயா என்று ஓடும் ஆறுதான் இங்கே அருவியாறு. மன்னாரில் வெயில் எறித்துக்கொண்டிருந்தாலும் மேலே மழை என்றால் செட்டிகுளமும் மடுப் பக்கமும் கவனமாக இருக்கவேண்டும்.

அடுத்தது வீதி. எது முதலில் வெட்டுப்படும், அதற்கு மாற்றுவழி எது என்று எழுதுங்கள். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் வட்டுவாகல் பாலம் தாழ்வானது. நந்திக்கடல் நிரம்பினால் அதற்கு மேலால் தண்ணீர் போகும். அப்போது முல்லைத்தீவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் ஒட்டுசுட்டானைச் சுற்றித்தான் வரவேண்டும். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் புளியங்குளத்தால் திரும்பி நெடுங்கேணி வழியாகவும் போகலாம், மாங்குளம்வரை ஏறி ஒட்டுசுட்டான் வழியாகவும் போகலாம். இரண்டிலும் எந்த மதகு பலவீனம் என்று தெரிந்துவைத்திருப்பவருக்கு அன்றைக்கு அரை நாள் மிச்சம். கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, கொக்கிளாய் ஆகிய கரையோர ஊர்களுக்கு முல்லைத்தீவிலிருந்து போவதென்றால் நாயாற்றைத் தாண்டவேண்டும். அது தடைப்பட்டால் உடனே ஒன்றும் போகாது. ஆகவே அங்கே பொருள் முன்னரே இருக்கவேண்டும்.

இந்த வேலை முடிந்ததும் உங்களிடம் ஊர்ப் பட்டியல் ஒன்று இருக்கும்: எந்த ஊர் எத்தனை நாள் தனித்து நிற்கும் என்பதே அதன் ஒழுங்கு. அதுதான் முன்னுரிமைப் பட்டியல். வீதியோர ஊர் அதில் எப்போதும் கடைசியில் வரும். நடைமுறையில் அது முதலில் வாங்கிவிடும் என்பது வேறு கதை.

படி 2: ஆட்களை எண்ணுங்கள், பெயரோடு எண்ணுங்கள்

நிவாரணத்தில் எல்லாமே ஒரு எண்ணிலிருந்துதான் பிறக்கும். எண் பிழைத்தால் லொறி, மூடை, காசு, நேரம் எல்லாம் பிழைக்கும். இதற்கு வன்னியை விடக் கொடிய பாடம் வேறில்லை. 2009 பெப்ரவரித் தொடக்கத்தில், களத்தில் இருந்த அரச அதிகாரிகள் ஏறக்குறைய 330,000 பேர் போர் நடந்த பகுதிக்குள் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தார்கள். கொழும்பில் அரசு சொன்ன எண் 70,000 அளவில் நின்றது. உணவும் மருந்தும் அந்தச் சின்ன எண்ணுக்கு ஏற்பத்தான் பேசப்பட்டன. மே மாதம் போர் முடிந்தபின் வவுனியாவின் மெனிக் பாம் முதலான முகாம்களில் பதியப்பட்டவர்கள் 280,000-க்கு மேல். போர் அரசியலை இங்கே பேச வரவில்லை. நிவாரணச் சங்கிலியின் முதல் கண்ணி எண்ணிக்கை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று என்னிடம் இல்லை. அந்தக் கணக்கை ஊரோடு இருந்தவர்களிடம்தான் கேட்கவேண்டும் என்பதற்கும் இதுவே சான்று.

இன்றைக்கு வெள்ளக் காலத்தில் அடிப்படைப் பட்டியல் கிராம அலுவலரிடம் இருக்கும். அதை எதிர்த்து இன்னொரு பட்டியல் தயாரிக்கப் போகாதீர்கள். இரண்டு பட்டியல் ஊருக்குள் வந்தால் சண்டையும் வரும். அவரோடு இருந்து, அந்தப் பட்டியலில் விடுபடுபவர்களைச் சேருங்கள். வழக்கமாக விடுபடுபவர்கள் இவர்கள்: கலியாணம் முடித்துத் தாய் தகப்பன் வீட்டிலேயே இருக்கும் புதுக் குடும்பம் (அட்டையில் ஒரு குடும்பம், உலையில் இரண்டு), வேறு மாவட்டத்தில் பதிவு வைத்துக்கொண்டு இங்கே கூலிக்கு இருப்பவர்கள், காணி உறுதி இல்லாமல் குளக்கட்டுக்குக் கீழே குடியிருப்பவர்கள், முகாமுக்கு வராமல் உறவினர் வீட்டில் போய் நிற்பவர்கள். கடைசியாகச் சொன்னவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் தவறுவார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த வீட்டில் அரிசி இரண்டு மடங்கு வேகத்தில் முடிந்துகொண்டிருக்கும், அதை ஒருவரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

பெயருக்குப் பக்கத்தில் சில குறிப்புகள் வேண்டும்: ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை, கர்ப்பிணி, பாலூட்டும் தாய், தொடர்ந்து மருந்து எடுப்பவர், செயற்கைக் கால் அல்லது சக்கர நாற்காலி பாவிப்பவர், பெண் தனித்து நடத்தும் குடும்பம். போர் தின்ற மண்ணில் கடைசி இரண்டும் சிறு எண்கள் அல்ல. இந்தப் பட்டியலைப் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

படி 3: ஆளை நிறையாக மாற்றுங்கள்

ஒரு பாடசாலையில் 400 பேர், ஐந்து நாள் என்று வைப்போம். திட்டமிடுவதற்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சீனி 15 கிராம், உப்பு 5 கிராம் என்று எடுத்தால் இரண்டாயிரம் கலோரிக்குக் கிட்ட வரும். ஸ்பியர் என்னும் சர்வதேச மனிதாபிமானத் தராதரம் கேட்பது 2,100. மரக்கறி, தேங்காய், கருவாடு சேர்ந்தால் அது நிரம்பிவிடும்.

பெருக்கிப் பாருங்கள். அரிசி 800 கிலோ, அதாவது 50 கிலோ மூடை பதினாறு. பருப்பு 120, எண்ணெய் 50, சீனி 30, உப்பு 10. எல்லாம் சேர்ந்து ஒரு தொன்னுக்குச் சற்றுக் கூட. கன்ரர் என்னும் நடுத்தர லொறி ஒரே தடவையில் கொண்டுவரும், பட்டா என்னும் சின்ன லொறி என்றால் இரண்டு நடை. ஐந்து நாள் உணவு இவ்வளவுதான்!

இப்போது தண்ணீரைக் கணக்குப் பாருங்கள். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்பியர் சொல்வது ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். 400 பேருக்கு 6,000 லீற்றர், ஐந்து நாளுக்கு 30 தொன். உணவைப்போல் முப்பது மடங்கு நிறை. குடிப்பதற்கு மட்டும் மூன்று லீற்றர் என்று சுருக்கினாலும் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் நாளுக்கு 800 வேண்டும். ஒரு லொறி நிறையத் தண்ணீர்ப் போத்தலோடு கொழும்பிலிருந்து வரும் குழுவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குத்தான் ஞாபகம் வரும். அந்த லொறியில் கொஞ்சத் தண்ணீரும் பிறகு ஒரு மாதத்துக்கான பிளாஸ்ரிக்கும் இருக்கும்.

தண்ணீரை ஊரிலேயே எடுக்க வழிபாருங்கள். வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் சிறுநீரக நோயும் கல்லுத் தண்ணீரும் (கடினநீர்) காரணமாகப் பல ஊர்களில் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. வெள்ளத்தில் அவை நின்றுபோவதற்கு முதற்காரணம் கரண்ட் இல்லாமை. மேட்டில் இருக்கும் ஒரு நிலையத்துக்கு ஜெனரேற்றரும் டீசலும் கொடுத்தால், அதே காசுக்கு வாங்கும் போத்தல்களைவிடப் பல மடங்கு தண்ணீர் கிடைக்கும். முகாமில் ஆயிரம் லீற்றர்த் தாங்கிகளை உயர்த்தி வைத்து, பிரதேச சபைத் தண்ணீர்ப் பௌசரால் நிரப்பி, 250 பேருக்கு ஒரு குழாயாவது பூட்டுங்கள். குளோரின் இடும் வேலை பொதுச் சுகாதாரப் பரிசோதகருடையது. குழாயடியில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மீதிக் குளோரின் நிற்கவேண்டும். அவரிடம் சோதிக்கும் கருவி இருக்கும். மணத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மலசலகூடமும் கணக்கில் வரவேண்டும். ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று. ஒரு கிராமப் பாடசாலையில் இது ஒருபோதும் இருக்காது. தற்காலிகக் கூடத்துக்கான தகரம், மரம், தறப்பாள் ஆகியவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

படி 4: மழைக்கு முன் வாங்குங்கள், அல்லது வாங்க உடன்படுங்கள்

உள்ளூரில் வாங்குவது நல்லது என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள். சரிதான். ஆனால் வன்னியின் நாட்காட்டி கொஞ்சம் குறுக்கே நிற்கும். வெள்ளம் வருவது பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில். காலபோக (மாரிகால) நெல் அப்போது வயலில் நிற்கும், வெட்டுவது தையிலிருந்துதான். சிறுபோக (கோடைகால) நெல்லைக் கமக்காரர் அநேகமாக விற்று முடித்திருப்பார். வீட்டு இருப்பில் நெல் ஆகக் குறைவாக இருக்கும் மாதத்தில்தான் எங்கள் தேவை ஆகக் கூடும். ஆகையால் புரட்டாதியிலேயே அரிசி ஆலைக்காரரோடும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தோடும் பேசிவையுங்கள்: இத்தனை மூடை உங்களிடம் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும், நாங்கள் தொலைபேசியில் சொன்னால் கொடுக்கவேண்டும், விலை அன்றைய சந்தை விலை, காசு ஒரு வாரத்துக்குள். எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் காசு ஆலையில் முடங்காது, பொருளும் பழுதாகாது. சங்கம் தன் வழக்கமான வியாபாரத்திலேயே பழையதை விற்றுப் புதியதை வைக்கும்.

சங்கக் கடையை, அதாவது கூட்டுறவுக் கடையை, நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் அரச உலர் உணவு நிவாரணம் வன்னியில் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் ஊடாகத்தான் குடும்ப அட்டைக்குப் போனது. 2008 செப்டெம்பரில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவைத் தவிர மற்றச் சர்வதேச நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. அதன் பின்னும் இடம்பெயர்ந்த இடமெல்லாம் தராசோடும் பதிவேட்டோடும் போனவர்கள் சங்க முகாமையாளர்களும் கிளை ஊழியர்களும்தான். அந்தப் பழக்கம் உள்ளவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். புதிதாக ஒரு விநியோக முறை கண்டுபிடிக்க முயல்வதற்கு முன் அவர்களைத் தேடிப் பிடியுங்கள்.

வெளியிலிருந்து பொருள் வரும் என்று நம்பி இருப்பதும் ஆபத்து. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகம், தெற்கு, கிழக்கு, வடக்கு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடித்தது. 600-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாடு முழுக்க அழும்போது கொழும்புக் களஞ்சியம் வன்னிக்கு முதலிடம் கொடுக்கும் என்று எதிர்பார்க்கமுடியாது. உள்ளே கிடக்கும் ஊர்களுக்கான முதல் ஐந்து நாள் பொருள் வன்னிக்குள்ளேயே இருக்கவேண்டும்.

அடுத்தது, காசா பொருளா? கடை திறந்திருக்கிறது, விலை ஏறவில்லை, வீதி ஓடுகிறது என்றால் காசு கொடுப்பதே மேல். அரிசி இருப்பவர் மருந்து வாங்குவார், பிள்ளைக்குச் சப்பாத்து வாங்குவார், அந்தக் காசு ஊர்க் கடைக்காரருக்கும் போகும். வீதி வெட்டுப்பட்டால் காசைக் கொண்டு என்ன செய்வது? பொருள் கொடுங்கள். இரண்டு வாரம் கழித்தும் அரிசிப் பொதி கொடுத்துக்கொண்டிருந்தால், வெள்ளத்தில் ஏற்கெனவே நொந்த சின்னக் கடைக்காரரை இரண்டாந் தடவை மூழ்கடிக்கிறீர்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கு ஒரு வார்த்தை. பாவித்த உடுப்புப் பெட்டி அனுப்பாதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு குளிர்கால ஜக்கெற்றும் காலாவதியான மருந்தும் இந்த நாட்டுக்கு வந்து குவிந்தன. அவற்றைத் தரம்பிரிக்க ஆளும் இடமும் போனது. மருந்து அனுப்புவதானால் உலக சுகாதார நிறுவனத்தின் விதி, வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது காலாவதிக்கு இருக்கவேண்டும் என்பது. அதையும் சுகாதார வைத்திய அதிகாரி கேட்டால் மட்டும் அனுப்புங்கள். கைக்குழந்தைப் பால்மா வேண்டவே வேண்டாம். சுத்தமான தண்ணீர் இல்லாத இடத்தில் அது வயிற்றோட்டத்துக்கு வாசல் திறக்கும், தாய்ப்பாலையும் நிறுத்திவிடும். காசு அனுப்புங்கள், ஊர் வாங்கட்டும்.

படி 5: வைக்கும் இடம்

மேடான இடம், ஒழுகாத கூரை, லொறி வாசல்வரை வரக்கூடிய பாதை. இந்த மூன்றும் இருந்தால் சங்கக் களஞ்சியம், கோயில் மடம், நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியம் எதுவும் சரி. காணி துப்புரவாக்கிப் புதிதாகக் கொட்டில் போட நினைத்தால், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்துங்கள். வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை இடம் மாற்றக்கூடியது.

மூடையை நிலத்தில் வைக்காதீர்கள். மரப்பலகை அடுக்கு, அதன்மேல் தறப்பாள், சுவருக்கும் அடுக்குக்கும் இடையில் ஒரு ஆள் நடக்கும் இடைவெளி. அடுக்கைக் குறுக்கு மறுக்காகக் கட்டினால் சரியாது, எண்ணுவதும் சுலபம். ஈரப்பட்ட மூடையை உடனே பிரித்து வையுங்கள். ஒரு மூடையின் புழுக்கம் பக்கத்தில் உள்ள நாலைக் கெடுக்கும். சவர்க்காரம், மண்ணெண்ணெய், குளோரின் மூன்றும் வேறு அறையில். அரிசி சவர்க்கார மணம் பிடித்தால் சனம் சமைக்காது, குறையும் சொல்லாது, கோழிக்குப் போடும்.

ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு அட்டை தொங்கவேண்டும்: திகதி, வந்தது, போனது, மிச்சம், கையெழுத்து. காலாவதி கிட்டியது முதலில் வெளியேறட்டும். பிள்ளைகள் கணினியில் போடட்டும், நல்லது. ஆனால் கரண்ட் இல்லாத இரவில் கணக்குச் சொல்வது அந்த அட்டைதான்.

படி 6: கடைசி ஐந்து கிலோமீற்றர்

வவுனியாவரை நாற்பது அடிக் கொள்கலனும் வரும். அங்கிருந்து கிளிநொச்சிக்கு லொறி. கிளிநொச்சியிலிருந்து கண்டாவளைக்குக் கன்ரர். அதற்கப்பால் உழவு இயந்திரமும் பெட்டியும். இன்னும் உள்ளே லாண்ட் மாஸ்டர் என்னும் இரு சக்கர உழவு இயந்திரம். அதற்கும் முடியாத இடத்தில் படகு. நிறை குறையக் குறைய வாகன எண்ணிக்கை கூடும், ஆளும் நேரமும் கூடும். திட்டம் போடுபவர்கள் கொழும்பு – வவுனியாச் செலவைத் துல்லியமாகக் கணக்கிட்டுவிட்டு, இந்தக் கடைசித் துண்டை “உள்ளூர்ப் போக்குவரத்து” என்று ஒரே வரியில் முடிப்பார்கள். நேரமும் காசும் விழுங்கப்படுவது அந்த வரியில்தான்.

இதற்கு மூன்று ஆயத்தம் வேண்டும். முதலாவது, ஊர் வாரியாக உழவு இயந்திரச் சொந்தக்காரர் பட்டியல். ஓட்டுபவர் யார், பெட்டி இருக்கிறதா, அவருடைய வீடே மூழ்கும் இடத்தில் இருக்கிறதா என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியைப் பலர் மறப்பார்கள். தன் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நிற்பவர் உங்கள் அரிசியை ஏற்ற வரமாட்டார். இரண்டாவது, டீசல். கரண்ட் போனால் நிரப்பு நிலையப் பம்பியும் ஓடாது. ஊருக்கு ஒரு பரல் (பீப்பாய்) என்ற கணக்கில், பிரதேச செயலகத்தின் அனுமதியோடு, மேட்டில் பாதுகாப்பான இடத்தில் வையுங்கள். மூன்றாவது, படகு. முல்லைத்தீவுக் கரையில் ஃபைபர் படகுகளுக்குக் குறைவில்லை, ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் குறைவில்லை. கடற்றொழிலாளர் சங்கத்தோடு முன்கூட்டிப் பேசினால், உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவரலாம். வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவர் கூடவே வரவேண்டும், ஆழமில்லாத வயலில் துடுப்பும் தாங்குகம்பும் வேண்டும். படகுக்காரருக்குக் கூலியும் இயந்திரம் பழுதானால் திருத்தும் செலவும் முதலே பேசிவிடுங்கள். அவருக்கும் கடல் தொழில் நின்றிருக்கும் மாதம் அது.

பொதியை 15, 20 கிலோவுக்கு மேல் கட்டாதீர்கள். இடுப்பளவு தண்ணீரில் 50 கிலோ மூடையைத் தலையில் சுமக்கச் சொல்வது நியாயமில்லை. மொத்தத்தைப் பொலித்தீனால் சுற்றுங்கள். ஆனால் யூரியா வாங்கிய பைக்குள் போட்டுவிடாதீர்கள். நன்றாகக் கழுவிய பையிலும் உரம் தங்கும்.

இரவோட்டம் வேண்டாம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானை வரும், மதகு உடைந்ததும் தெரியாது.

படி 7: யார், எங்கே, என்ன

அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005-இல் வந்தது, ஆழிப்பேரலை முடிந்த கையோடு. அதன்படி மாவட்டச் செயலகத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் பிரிவு இயங்குகிறது. அவசர இலக்கம் 117. வெள்ள நாட்களில் மாவட்டச் செயலாளர் தலைமையில் கூட்டம் நடக்கும். உங்கள் குழு எவ்வளவு சிறியது என்றாலும் ஒருவரை அங்கே அனுப்புங்கள். அரைமணி நேரம் சலிப்பாகத்தான் இருக்கும். அங்கே தெரியவரும் ஒரே ஒரு விடயம், இன்னொரு குழு இன்று அதே முகாமுக்குச் சோறு கொண்டுபோகிறது என்பது, உங்கள் இருநூறு பார்சலைக் காப்பாற்றும்.

கரைச்சி, கண்டாவளை, பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு என்று ஒவ்வொரு பிரதேச செயலகத்துக்கும் ஒரு வரி போட்டு, யார் எந்த ஊரில் எதைக் கொடுக்கிறார் என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டுங்கள். காலியாக இருக்கும் கட்டம் கண்ணில் குத்தும். உங்கள் அடுத்த பயணம் அங்கேதான். பனர் கட்டிய வாகனங்கள் அந்தக் கட்டத்துக்குப் போகாது, ஏனென்றால் அங்கே படம் எடுக்க வெளிச்சமும் வீதியும் இருக்காது.

தகவல் அனுப்பும்போது திகதியும் நேரமும் இல்லாத செய்தியை ஒருபோதும் அனுப்பாதீர்கள். வட்ஸ்அப்பில் முந்தின வருடக் கோரிக்கை இந்த வருடமும் சுற்றும். மாதிரிக்கு ஒரு செய்தி:

“22ஆம் திகதி, பகல் 11.00. இன்ன பாடசாலை. 64 குடும்பம், 213 பேர். கைக்குழந்தை 5, கர்ப்பிணி 2, சக்கர நாற்காலி 1. சாப்பாடு இன்று இரவுவரை உண்டு. தேவை: நுளம்பு வலை, பாய், பெண்களுக்கு நப்கின், காய்ந்த விறகு. வேண்டாம்: அரிசி, தண்ணீர்ப் போத்தல். கன்ரர் வரும், பெரிய லொறி வராது. அடுத்த தகவல் மாலை 5.00.”

“வேண்டாம்” என்ற அந்த ஒரு வரியைச் சேர்க்கப் பலருக்குக் கூச்சம். வருவதை ஏன் தடுக்கவேண்டும் என்று நினைப்பார்கள். அந்த வரிதான் அடுத்த ஊருக்குப் பொருளைத் திருப்பிவிடுகிறது. கோபுரம் விழுந்து சிக்னல் போனால் என்ன செய்வது என்பதையும் முடிவுசெய்து வையுங்கள்: எந்த மோட்டார் சைக்கிள்காரர், எந்த நேரத்தில், எந்தச் சந்திக்குத் தகவல் எழுதிய துண்டைக் கொண்டுவருவார் என்று.

படி 8: கொடுக்கும் முறை

முதல் இரண்டு மூன்று நாள் உலர் உணவுப் பொதி கொடுத்துப் பயனில்லை. சட்டியும் அடுப்பும் விறகும் தண்ணீரில் போன குடும்பம் ஐந்து கிலோ அரிசியை வைத்து என்ன செய்யும்? பொதுச் சமையல்தான் சரி. கோயில் திருவிழாவுக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கும் ஆட்களும் கிடாரங்களும் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களைக் கூப்பிடுங்கள். பார்சல் தூரத்திலிருந்து வருவதாக இருந்தால் தேங்காய்ச் சம்பல், பால்கறி வேண்டாம். மதியம் போய்ச் சேர்வதற்குள் புளித்துவிடும். பருப்பும் பொரித்த கருவாடும் தாங்கும். வீடு திரும்பும் நாளில் உலர் உணவு கொடுங்கள், அதோடு சட்டியும் ஒரு வாளியும்.

பொருள் கொடுக்கும் இடத்தில் ஆளுக்கு இவ்வளவு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும். பெயர் வாசித்துக் கூப்பிடுங்கள். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுப்பவர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்கட்டும். நப்கினையும் உள்ளாடையையும் ஒரு இளைஞன் மேசையில் பரப்பிவைத்து விநியோகித்தால் வாங்க வேண்டியவர் வரமாட்டார். முறைப்பாடு கேட்க ஒருவர் தனியே உட்காரவேண்டும். அவர் பொருள் கொடுத்தவராக இருக்கக்கூடாது.

படம் எடுக்கவேண்டும் என்றால் மூடையை எடுங்கள், லொறியை எடுங்கள், கையெழுத்திட்ட பதிவேட்டை எடுங்கள். பை வாங்கும் அம்மாவின் முகம் உங்கள் நன்கொடையாளருக்குத் தேவையில்லை. தேவை என்று அவர் அடம்பிடித்தால் வேறு நன்கொடையாளர் பாருங்கள்.

படி 9: வெள்ளம் வடிந்த பிறகு

சனம் வீடு திரும்பியதும் வாகனங்கள் காணாமல் போகும். கிணறு இறைத்துக் குளோரின் போடுவது, பாம்பு புகுந்த வீட்டைத் துப்புரவாக்குவது, எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தைச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லும் முறையில் எடுப்பது எல்லாம் அப்போதுதான் தொடங்கும். நீர் இறைக்கும் பம்பி, மண்வெட்டி, கையுறை, நீள் சப்பாத்து, வெளிற்றும் தூள், இவற்றுக்காக மொத்தக் காசில் மூன்றிலொன்றை முதலே ஒதுக்கிவைப்பது என் பழக்கம். முதல் வாரத்தில் எல்லாம் செலவழித்த குழுக்களுக்கு இந்த வாரத்தில் சொல்வதற்கு அனுதாபம் மட்டும்தான் இருக்கும்.

மிச்சப் பொருளை எண்ணி, சங்கக் கடைக்கோ பிரதேச செயலகத்துக்கோ எழுத்தில் ஒப்படையுங்கள். மூன்று விடயத்தை மட்டும் அளந்து எழுதுங்கள்: கோரிக்கை வந்த நேரத்துக்கும் பொருள் கையில் போன நேரத்துக்கும் இடையில் எத்தனை மணித்தியாலம், பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது, வழியில் எவ்வளவு பழுதானது. வரவு செலவோடு சேர்த்து அதைக் கிராம அலுவலர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பிரதி கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரிடம் இருக்கட்டும். அடுத்த ஆவணியில் வரைபடத்தோடு உட்காரும்போது அவர் அதையும் எடுத்துவரவேண்டும்.